வழுக்காத மூன்று கால்கள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. காப்பிக் கோப்பையை வைக்க இடம் தேடியபோது கிடைத்தது.

கிவிலாம்பி என்ற குளிர்நாட்டுச் சிற்றூரின் துப்பாக்கிச் சங்க மைதானத்தில் ஆறு மேசைகள் உண்டு. ஐந்தாவது மேசையின் கறுப்புக் கல்லில், முக்கோணத்தின் மூன்று முனைகளைப் போல, வெள்ளைப் பென்சிலால் மூன்று வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரே வட்டமல்ல; ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்தாறு, ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி. நான் கோப்பையை அங்கே வைக்கப் போனேன்.

“அங்க வேண்டாம், அழிஞ்சிடும்,” என்றாள் அந்த மேசையில் சுடும் அய்லா.

எது அழியும் என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். காப்பி ஆறிப்போயிற்று.

அவளுடைய சிக்கல் இவ்வளவுதான். ஒன்பது கிலோ எடையுள்ள இரும்புத் தாங்கி ஒன்று, மூன்று கால்களோடு. அதை மேசைமேல் வைத்து, துப்பாக்கியின் முன்பகுதியை அதன்மேல் கிடத்தி, குறி பார்த்துச் சுடுகிறாள். தாங்கியை யாரும் தொடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அது இருந்த இடத்தில் இல்லை. வட்டங்கள் அதற்குச் சாட்சி.

2

இதை எப்படித் தொடங்குவது என்பதிலேயே நான்கு நாள் போயிற்று.

முதல் தொடக்கம்: “செப்டம்பர் மாதத்துக் காலைப் பனியில் பிர்ச் மரங்கள் மஞ்சளாக” [மரங்களுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. நிறுத்திவிட்டேன்.]

இரண்டாவது: “அய்லாவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் ஒரு பூனை உண்டு, அதற்கு ஒரு கண்” [பூனை உள்ளே வந்தால் வாசகர் துப்பாக்கியை மறந்துவிடுவார். இனி பூனை வராது.]

மூன்றாவது: “வழுக்குதல் என்றால் என்ன?” [இது கட்டுரை. ஆனால் இந்த ஆசை என்னை விடாது; கொஞ்ச நேரத்தில் நீங்களே பார்ப்பீர்கள்.]

ஆகவே, தவறு நடந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

அந்த மேசைகள் முன்பு பலகையால் ஆனவை. குளிர்காலத்தில் நிலம் உறைந்து, வசந்தத்தில் இளகும்போது, தூண்கள் ஆளுக்கொரு பக்கம் சாயும். பலகை ஆடும். பலகை ஆடினால் குறி ஆடும். கல் போடலாமே என்று அய்லா சங்கக் கூட்டத்தில் சொன்னாள். பார்க்கலாம் என்றார்கள். மறுவருடமும் சொன்னாள். இப்படி ஒன்பது வருடம். செயலாளர் அவள்தான், கூட்டக் குறிப்பை எழுதுவதும் அவள்தான். ஆக, தன் யோசனை ஒத்திவைக்கப்பட்டதாக ஒன்பது முறை தன் கையாலேயே எழுதினாள்.

பத்தாம் வருடம், கல்லறைக் கல் செதுக்கும் பட்டறையில் ஆறு கற்கள் வீணாகக் கிடப்பது தெரிந்தது. பெயரோ தேதியோ தவறாக வெட்டப்பட்டதால் குடும்பங்கள் வேண்டாமென்று சொன்ன கற்கள். சும்மாவே கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை சங்கத்தார் எல்லாரும் சேர்ந்து, நடுவில் சுட்ட தொத்திறைச்சியும் காப்பியுமாக, அவற்றைத் தூக்கித் தூண்கள்மேல் வைத்து சிமென்ட் பூசினார்கள். பெயர் வெட்டிய பக்கம் கீழே. மெருகேற்றிய பின்பக்கம் மேலே. முகம் பார்க்கலாம்.

அன்றைக்கு யாருக்கும் ஒன்று தோன்றவில்லை. பலகையில் குத்தி நிற்க வேண்டும் என்பதற்காக, அந்த ஊரில் எல்லாருடைய தாங்கிக்கும் ஆணி போன்ற கூர்க்கால்கள். மெருகேற்றிய கருங்கல்லில் ஆணி குத்தாது. சறுக்கும். சறுக்குகிற வழியில் கீறவும் செய்யும்.

இரண்டு வாரத்துக்குப் பின் நடந்த கூட்டத்தில் ஹெய்மோ எழுந்தார். இவர் முதலாம் மேசைக்காரர், மரம் அறுக்கும் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பேசினால் நாலு சொல்லுக்கு மேல் பேசாதவர். அன்று ஐந்து சொன்னார்: “கல்ல எடுப்போம். பழையபடி பலகை போடுவோம்.”

பலர் தலையாட்டினார்கள். அய்லா பேனாவை வைத்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமைக் கூட்டம் வரை பொறுக்கச் சொன்னாள். அதற்குள் இந்தக் கல்லில் வழுக்காத கால் ஒன்றைக் கொண்டுவருவதாகவும், முடியாவிட்டால் கற்களைத் தானே பெயர்த்தெடுத்துவிட்டுச் செயலாளர் பொறுப்பிலிருந்தும் விலகுவதாகவும் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்து அதையும் குறிப்பில் எழுதினாள். அந்த ஊரில் சொன்ன சொல் காற்றில் போகலாம். குறிப்பில் ஏறியது போகாது.

ஒன்பது வருடம் கேட்டு வாங்கிய ஒரே ஒரு காரியம். அதற்கு மீதி எட்டு நாள்.

3

[இது கட்டுரைப் பகுதி. அவசரமுள்ளவர்கள் நாலாம் பகுதிக்குத் தாவலாம். தாவினால் எனக்கு வருத்தம்தான்.]

மேசையில் உட்கார்ந்து சுடும் இந்த விளையாட்டில் வீரம் எதுவும் இல்லை. நூறு மீட்டர் தூரத்தில் ஒரு தாள். ஏழு நிமிடத்தில் ஐந்து குண்டு. ஐந்து துளையும் ஒரே துளைபோல் விழவேண்டும். எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளப்பார்கள், குறைந்தவர் ஜெயிப்பார்.

துப்பாக்கி இரண்டு மணல்பைகள்மேல் கிடக்கும். முன்பை தாங்கியின் தலையில் இருக்கும். பின்பை நேரே மேசைமேல். குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் உதைத்து, பைகளின் மேல் சறுக்கும். சறுக்கலாம், அதற்குத்தான் பைகள். சுடுகிறவர் அதை முன்னுக்குத் தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி சுடுவார். காற்று திசை மாறுவதற்குள் ஐந்தையும் முடிக்கவேண்டும் என்பதால் இந்த வேகம் முக்கியம்.

துப்பாக்கி சறுக்கும்போது தாங்கியையும் கொஞ்சம் இழுக்கும். மூன்று கால்களில் ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் முன்னதாக விட்டுக்கொடுத்தால் தாங்கி திரும்பிவிடும். எவ்வளவு? ஒரு தாளின் தடிமன் அளவு பக்கவாட்டில் நகர்ந்தது என்று வையுங்கள். முன்பைக்கும் பின்பைக்கும் நடுவே முக்கால் மீட்டர். குறியோ நூறு மீட்டர் தள்ளி. மேசையில் தாள் தடிமன், அங்கே போய்ச் சேரும்போது ஒரு விரல் அகலம். ஒரு துளையில் ஐந்து குண்டை விடப் பார்க்கிறவருக்கு விரல் அகலம் என்பது வேறு ஊர்.*

* வழுக்காத கால் வேண்டுமென்றால் ரப்பர்தான் தோன்றும். பள்ளிக்கூடத்தில், உராய்வுக்கும் பரப்பளவுக்கும் சம்பந்தமில்லை என்று படித்திருப்போம். ரப்பர் அந்த வகுப்புக்கு வரவில்லை. அது மெத்தென்று அமுங்கி, எதிரே இருக்கும் பரப்பின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் போய் அப்பிக்கொள்ளும். எவ்வளவு இடத்தில் நிஜமாகவே தொடுகிறதோ அவ்வளவு பிடி. இதற்குமேல் சொன்னால் மூன்றாவது தொடக்கத்துக்கே திரும்பிவிடுவேன்.

4

ரப்பர் என்றதும் அந்த ஊரில் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஒரே பொருள்தான். ஐஸ் ஹாக்கி வட்டு, அதாவது அந்த ஆட்டத்தின் பந்து. எந்த வீட்டுக் கொட்டகையைத் திறந்தாலும் நாலைந்து கிடக்கும். கறுப்பு, வட்டம், கனம், சும்மா கிடைக்கும். மூன்று நாளில் நான்கு மேசைக்காரர்கள், ஒருவரிடம் ஒருவர் சொல்லாமலே, வட்டை ரம்பத்தால் அறுத்துத் தங்கள் தாங்கிகளின் கால்களில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அய்லாவும் அவர்களில் ஒருத்தி.

எல்லாருக்கும் வழுக்கியது. ஆணியைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சிலர் வட்டை உப்புத்தாளில் தேய்த்தார்கள். ஒருவர் வேறு நிறுவனத்தின் வட்டு நல்லது என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே பேச்சு. மாலையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அய்லா திடீரென்று கையை நிறுத்தினாள்.

“ஹெய்மோ. ஹாக்கி வட்டு எதுக்குச் செய்யறாங்க?”

“விளையாட.”

“விளையாடறப்ப அது என்ன செய்யும்?”

ஹெய்மோ துடைத்த கோப்பையைக் கீழே வைத்தார். “வழுக்கும்,” என்றார்.

வழுக்குவதற்கென்றே, ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து, கல்போல் இறுகச் செய்யும் ஒரு பொருளை நாலு பேர் மூன்று நாளாக வழுக்காதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர் என்பது அய்லாவுக்கு அப்போது புரிந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லும் உண்டு, பசையும் உண்டு.

5

ஹெய்மோவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் அவரை வில்லனாக வைத்திருந்தேன். அடர்ந்த புருவமெல்லாம் கொடுத்தேன். கதைக்கு ஒரு எதிராளி வேண்டும். கல்லை எடுக்கச் சொன்னவர் அவர்தானே. ஆனால் எழுத எழுத அவர் ஒத்துழைக்கவில்லை. கல் தூக்கிய சனிக்கிழமை, குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஆறு வாரமே ஆகியிருந்த நிலையில், நாலாம் கல்லின் ஒரு முனையைப் பிடித்தவர் அவர். கல்மேல் அவருக்குக் கோபமில்லை. முப்பது வருடமாக அவருக்கு ஒரு நல்ல ஆணித்தாங்கி இருக்கிறது. அது நிற்கும் மேசை வேண்டும், அவ்வளவுதான். [புருவத்தை எடுத்துவிட்டேன்.]

திங்கட்கிழமை அவரே ஒரு பையோடு வந்தார். உள்ளே குளியலறைத் தரையில் போடும் ரப்பர் விரிப்பு. அடியில் முழுக்க உறிஞ்சுக் குமிழ்கள். மனைவி ரைலி கேட்பதற்குள் திருப்பிக் கொண்டுபோகவேண்டும் என்று மட்டும் சொன்னார். தாங்கியை அதன்மேல் வைத்து அழுத்தினார்கள். நகரவே இல்லை. சுட்டாள். நகரவில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, தாளைப் பார்க்கும்வரை. ஐந்து துளைகளும் ஐந்து நண்பர்கள் சண்டை போட்டுப் பிரிந்ததுபோல மேலும் கீழுமாகக் கிடந்தன. குமிழ்களின் மேல் தாங்கி படகைப்போல அசைந்திருக்கிறது. விரிப்பைக் கல்லிலிருந்து பிரிக்க வெண்ணெய்க் கத்தி தேவைப்பட்டது. இரண்டு குமிழ் கிழிந்தது.

“ரைலிகிட்ட என்ன சொல்லப் போற?” என்று அய்லா கேட்டாள்.

“நான் வழுக்கி விழுந்தேன்னு.”

செவ்வாய்க்கிழமை அய்லா தன் பேருந்தின் பழைய பனிக்கால டயரை வெட்டினாள். இது நல்ல யோசனை. ஆணி பதிக்காத பனிக்கால டயரின் ரப்பர், மைனஸ் இருபது டிகிரிக் குளிரிலும் இறுகாமல் மெத்தென்றே இருக்கும். ஒட்டினாள், சுட்டாள். வெள்ளை வட்டத்தை விட்டுத் தாங்கி ஒரு மயிரிழைகூட நகரவில்லை. ஆனால் தாளில் துளைகள் மறுபடி சிதறியிருந்தன, குமிழ் அளவுக்கு மோசமில்லை என்றாலும். டயரின் தரை தொடும் கட்டைகளில் சவரக்கத்தியால் வெட்டியதுபோல நெருக்கமான கீறல்கள் இருக்கும், பனியைக் கவ்வுவதற்காக. அந்த ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக வளைந்து நிமிர்கிறது. கால் நிற்கிறது, கணுக்கால் நடுங்குகிறது.

இப்போது அவளுக்குத் தன் கேள்வியே முழுசாகத் தெரிந்தது. டயர்போல ஒட்டவேண்டும். ஹாக்கி வட்டுபோல இறுக்கமாக நிற்கவேண்டும். ஒட்டுவது மெத்தென்று இருக்கிறது, இறுகியது வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்த ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. மீதி இரண்டு நாள்.

6

அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதற்கு என்னிடம் மூன்று வரைவுகள்.

முதல் வரைவில் கனவு காண்கிறாள். [ரப்பரைப் பற்றி யாரும் கனவு காண்பதில்லை.]

இரண்டாவதில், ஏரிக்கரையில் நடக்கும்போது ஒரு தவளை ஈரப் பாறையில் ஒட்டிக்கொண்டு [தவளை அழகாகத்தான் இருந்தது. பொய்.]

மூன்றாவதில் பசை வாங்கப் போகிறாள். அதுதான் நடந்தது. டயர்த் துண்டுகள் இரும்பிலிருந்து உரிந்துகொண்டே இருந்தன. ரப்பரை இரும்பில் ஒட்டும் பசை யாரிடம் இருக்கும்? நாள் முழுக்க ரப்பரை எதிலாவது ஒட்டிக்கொண்டிருப்பவரிடம். புதன்கிழமை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பேருந்தோடு நேரே கடைத்தெருவில் காலணி பழுதுபார்க்கும் மெர்வியின் கடைக்குப் போனாள்.

மெர்விக்கு நாற்பது வயது இருக்கும். வாயில் இரண்டு ஆணியை வைத்துக்கொண்டே பேசுகிறவள்.*

* முதலில் இவளை அய்லாவிடம் “நீங்க” என்று பேசவைத்தேன், தமிழ்க் காதுக்காக. அந்த ஊரில் பிரதமரைக்கூட “நீ” என்றுதான் சொல்வார்கள். மாற்றிவிட்டேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

“பசை எதுக்கு?”

“கால் வழுக்குது.”

மெர்வி கடை மேசைக்கு மேலாக எட்டி, அய்லாவின் காலணிகளைப் பார்த்தாள்.

“என் கால் இல்ல. துப்பாக்கி தாங்கியோட கால். மெருகு போட்ட கருங்கல்லுமேல நிக்கணும்.”

மெர்வி ஆணிகளை வாயிலிருந்து எடுத்தாள். எடை எவ்வளவு, எந்தப் பக்கம் இழுக்கிறது, இதுவரை எதெதை ஒட்டிப் பார்த்தாய் என்று கேட்டாள். ஹாக்கி வட்டு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். டயர் என்றதும் சிரிக்கவில்லை. பின்னால் போய் ஒரு காலணியைக் கொண்டுவந்து வைத்தாள். சின்னது, வளைந்தது, குழந்தையுடையது போல இருந்தது. பாறை ஏறுகிறவர்கள் போடுவது.

“இத யாரு போடறான்னு தெரியுமா? விரல் நகம் அளவு கல் விளிம்புல நிக்கறவன். அடியில இருக்கறது ரொம்ப மெத்துன்னு இருந்தா விளிம்புல மடங்கி அவன் விழுந்துடுவான். ரொம்ப இறுக்கமா இருந்தா வழுக்கி விழுவான். எண்பது கிலோ ஆள். உன்னோட ஒம்பது கிலோ இரும்பு என்ன பெருசு?”

அய்லா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை. விரலை இழுத்தாள். விரல் வரவில்லை, தோல்தான் இழுபட்டது.

வருகிற காலணிகளுக்குப் புது அடி வைக்க மெர்வி இதைத் தாளாக வாங்கி வைத்திருக்கிறாள். நாலு மில்லிமீட்டர் தடிமன். வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பசையோடு கொடுத்தாள். மேலே ஒரு பளபளப்பான தோல் இருக்கும், அதை உப்புத்தாளால் தேய்த்து எடு என்றாள். கதவுவரை போனவளைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

“ஏறுறதுக்கு முன்னாடி அவனுங்க காலணிக்கு எச்சில் தொட்டுத் தேய்ப்பானுங்க. அசிங்கம்தான். ஆனா காரணம் இருக்கு.”

காரணத்தைக் கேட்க அய்லா நிற்கவில்லை. பேருந்தை வழியை மறித்து நிறுத்தியிருந்தாள்.

7

வியாழன். கூட்டம் ஆறு மணிக்கு. நாலு மணிக்கே அய்லா மேசையில் இருந்தாள்.

ஆணிகளைக் கழற்றிவிட்டு, ஐந்து சென்டிமீட்டர் அகல இரும்பு வட்டுகளை மாட்டி, அவற்றின் அடியில் ரப்பரை ஒட்டியிருந்தாள். வெள்ளைப் பென்சிலால் வட்டம் வரைந்தாள். சுட்டாள். குனிந்து பார்த்தாள்.

நகர்ந்திருந்தது.

[இங்கே அவளை அழவைக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. கணக்குப் போடுகிற ஆள்.]

தாங்கியைக் கவிழ்த்து ரப்பரைப் பார்த்தாள். கறுப்பு அடியில் சாம்பல் பூத்திருந்தது. விரலால் தொட்டாள். மாவு. மணல்பைகளின் தையலிலிருந்து உதிர்கிற தூசி, ஆறு மேசைமேலும் எப்போதும் மெல்லியதாகப் படிந்திருக்கிற அதே தூசி. ரப்பர் கல்லைப் பிடிக்கவே இல்லை. தூசியைப் பிடித்திருக்கிறது, தூசி கல்மேல் உருண்டு போயிருக்கிறது. எச்சிலின் காரணம் இதுதான்.

கோப்பை துடைக்கும் துணியை நனைத்துப் பிழிந்து, ரப்பரையும் கல்லையும் துடைத்தாள். காயவிட்டாள். தாங்கியை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அது நின்றது. ஒன்று, இரண்டு, ஐந்து. கால்கள் வட்டத்துக்குள்ளேயே. தாளை இறக்கி எடுத்து வந்தபோது பின்னால் ஹெய்மோ நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தாளைக் கையில் வாங்கவும் இல்லை.

“நகரு,” என்றார்.

அவள் எழுந்தாள். அவர் தன் துப்பாக்கியை அவளுடைய தாங்கிமேல் கிடத்தினார். மற்ற மேசைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். ஹெய்மோ ஐந்து குண்டையும் ஒரு நிமிடத்துக்குள் சுட்டார். முதல் குண்டுக்குப் பிறகு குறியைத் திருத்தத் தாங்கியின் திருகாணியை ஒரு முறைகூடத் தொடவில்லை. தாளை அவரே போய் எடுத்துவந்தார். வரும் வழியில் நடையை நிறுத்தி ஒரு முறை பார்த்துக்கொண்டதை அய்லா கவனித்தாள்.

துளை ஒன்றுதான் இருந்தது. கொஞ்சம் கோணல்மாணலாக, சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும்படி.

“அந்த ரப்பர் இன்னும் இருக்கா?” என்றார் ஹெய்மோ.

“மூணு காலுக்கு இருக்கு.”

“எனக்கு மூணு காலு.”

8

ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. கல்லை எடுக்கவேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் சொன்னார்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில் ஒரு கையும் உயரவில்லை; எல்லாரும் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல முடிவு, கொஞ்சம் இனிப்பு அதிகம். இன்னொன்றில், முப்பது வருடப் பழக்கத்தை எட்டு நாளில் விடமுடியாத இரண்டு மூன்று பேர் கை தூக்குகிறார்கள். மூன்றாம் மேசைக்காரர் பாதி தூக்கித் தலையைச் சொறிகிறார். இது நிஜம்போல இருக்கிறது.

நான் எண்ணப் போவதில்லை. அந்த அறையில் பதினோரு பேர். ஹெய்மோவின் சட்டைப்பையில் மூன்று ரப்பர்த் துண்டுகள். நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். அய்லாவுக்குக் கை தூக்கும் வேலை இல்லை. அவள் குறிப்பு எழுதினாள்.

ஆனால் வாக்கு என்ன ஆனாலும், வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ மேசையில், ஒருவர் தாங்கியை வைத்துச் சுட்டுவிட்டு, இது ஏன் நகர்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடமிருந்து தீர்வை மறைக்க எனக்கு உரிமை இல்லை. அய்லா எழுதியபடியே தருகிறேன்.

ஆணிக்கால்களைக் கழற்றவும். ஐந்து சென்டிமீட்டர் அகல இரும்பு வட்டுகளை மாட்டவும். பாறை ஏறும் காலணிக்கு அடி வைக்கும் நாலு மில்லிமீட்டர் ரப்பரை, மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, காலணிப் பசையால் வட்டுகளின் அடியில் ஒட்டி, ஒரு இரவு அழுத்தி வைக்கவும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் கல்லையும் ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடவும். தள்ளும்போது கீச்சென்றால் நிற்கும். கீச்சென்னாவிட்டால் தூசி இருக்கிறது, மறுபடி துடைக்கவும்.